மிதி, தம்பி

போன வாரம் ஒரு வாடகைக் காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கால் நீட்ட இடமில்லை. டிரைவர் என் முழங்காலுக்குக் குறுக்கே குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியைத் தூக்கி, என்னைச் சீட்டோடு பின்னால் தள்ளினார். டடக். இரும்புப் பல்லில் தகடு போய் விழும் சத்தம். அவ்வளவுதான் நடந்தது. என் வலது கால் தானாகத் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நின்றது.

"என்ன சார், கீழ ஏதும் கெடக்கா?" என்றார் டிரைவர்.

"ஒண்ணுமில்லப்பா. நீங்க போங்க."

ஒன்றுமில்லைதான். கால் மட்டும் இறங்கவில்லை. ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், சந்தையில் மிரண்ட கன்றைப் பிடித்து நிற்பவனைப் போல.

அந்தத் தகட்டை எனக்குத் தெரியும். விரல் நீளம் இருக்கும், நடுவில் ஓட்டை, ஓரத்தில் பல். கார் வைத்திருப்பவர்கள் யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர்கள் உட்கார்ந்திருப்பது அதன் மேல்தான். திண்டுக்கல்லில், வத்தலக்குண்டு ரோட்டில், தோல் ஊறும் தொட்டிகளின் நாற்றத்தைத் தாண்டி, அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகையில் அதை நாங்கள் அடித்தோம். அடித்தது பிரஸ் மெஷின். யானைக்கால் தடிமனில் ஓர் இரும்பு மேலேயிருந்து இறங்கும். கீழே வைத்த தகட்டை வெட்டும், வளைக்கும், மேலே போகும். தகட்டை வைப்பதும் எடுப்பதும் கை. இரும்பை இறக்குவது காலடியில் இருக்கும் பெடல். கைக்கும் காலுக்கும் நடுவே மனசு. அது எந்நேரமும் அங்கேயே இருக்கும் என்று யார் எழுதிக்கொடுப்பார்கள்?

கம்பெனிக்கு முதலாளி ஒரு பெண். சிஸ்டர் என்று கூப்பிடுவோம். கொட்டகை போடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். வேலையை விட்டார், அந்தப் பெயர் அவரை விடவில்லை. கட்டையான உருவம், கழுத்தில் ஜெபமாலை, அப்போதுதான் ஈரத்துணியால் துடைத்த மாதிரி ஒரு முகம். ஒரே சொல்லில் சொல் என்றால், பயந்தவர் என்பேன். மற்றவர்கள் பயத்தை மடியில் ஒளித்துக்கொண்டு திரிவார்கள். சிஸ்டர் அதை நடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்திருந்தார்.

வேலை கேட்டு வருகிறவனிடம் படிப்பைக் கேட்க மாட்டார். "எதுக்கப்பு பயப்படுவ?" என்பார்.

"எதுக்கும் பயம் கெடையாதுங்க மேடம்" என்று நெஞ்சை நிமிர்த்தினான் பழனிப் பக்கத்துப் பையன் ஒருவன்.

"ரொம்ப நல்லது. வெளிய டீ சாப்ட்டுட்டு அப்படியே ஊருக்குப் போயிரு."

சின்னாளப்பட்டியிலிருந்து வந்த சரசு, நெசவுக்காரர் வீட்டு மருமகள், கேள்வி முடியுமுன் ஆரம்பித்துவிட்டாள்: "பல்லிக்குப் பயப்படுவேன். இடிக்குப் பயப்படுவேன். எங்க மாமியாருக்கு மட்டும் கொஞ்சம் கம்மி." சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்கே ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். "நீ இரு தாயி. பயந்த கை வெரசா திரும்பி வரும்."

பஸ்ஸில் போனால் ஜன்னல் கம்பியில் கை வைக்க மாட்டார். மடியில் இரண்டு கையையும் கோத்து, குஞ்சுகளைக் கூட்டில் வைத்ததுபோல வைத்திருப்பார். முன்சீட்டுக்காரனின் முழங்கை வெளியே நீண்டிருந்தால், யார் எவர் என்று பார்க்காமல் இழுத்து உள்ளே போடுவார். "ஏலே, அது ஒனக்குத் திரும்ப வேணுமா வேணாமா?" கதவு சாத்தும் சத்தத்துக்கு உடம்பு உதறும். இரும்புப் பெட்டிக் கடைக்கு என்னோடு வந்தவர், கடைக்காரர் பெட்டிக் கதவைத் திறந்து மூடிக் காட்ட ஆரம்பித்ததும் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்தால் கேட்டில் நிற்பார். எல்லோரும் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். நகை பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கையையும் பார்ப்பார். மெஷினுக்கு அச்சுக்கருவி மாட்டும் அருளப்பன் ஒரு தடவை விரலை மடக்கிக்கொண்டு, "சிஸ்டர், ஒண்ணு கொறையுது, உள்ள தேடிப் பாக்கட்டுமா?" என்றார். சிஸ்டருக்கு முகம் வெளுத்து, கேட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த வேடிக்கையை அதற்குப் பிறகு யாரும் செய்யவில்லை. அருளப்பன் அன்றைக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார்.

ஆனால் நான் சொல்ல வந்தது காலை நேரத்தை.

அந்த மெஷின்களில் கைக்குக் காவல் என்று ஒன்றும் கிடையாது. சிஸ்டர்தான் பக்கத்துத் தோல் கொட்டகையில் வார் வாங்கி, மணிக்கட்டில் மாட்டுகிற மாதிரி வளையம் தைத்து, அதிலிருந்து ஒரு கயிற்றை ஆபரேட்டருக்குப் பின்னால் கொண்டுபோய், கப்பியில் சுற்றி, மேல் இரும்போடு கட்டச் செய்திருந்தார். இரும்பு இறங்கினால் கயிறு இழுக்கும். கயிறு இழுத்தால் கை வெளியே வந்துவிடும். மனசு அங்கே இல்லாவிட்டாலும் கயிறு இருக்கும். கொட்டகைக்குள் நுழைந்து பார்த்தால் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் ஒருத்தி, மணிக்கட்டில் கட்டு, இரும்பு இறங்கும்போதெல்லாம் பின்னால் வெட்டி இழுக்கப்படும் கைகள். பொம்மலாட்டம். பொம்மைக்குத்தான் ரத்தம்.

தினமும் காலையில், யாரும் ஸ்டூலில் உட்காருமுன், அந்த வளையங்களைச் சிஸ்டர் தன் கையில் மாட்டுவார். தன் இரண்டு கையையும் இரும்புக்கு அடியில் வைப்பார். கண்ணை மூட மாட்டார். உதடு மட்டும் ஜெபம் சொல்லும்.

"மிதி."

யார் மிதிப்பது? முதலாளியம்மா கையை வைத்துக்கொண்டு மிதி என்றால் எவன் மிதிப்பான்? ஆபரேட்டர்கள் மாட்டேன் என்றார்கள். அருளப்பன் தெருவுக்கே போய்விட்டார். ஸ்டோர்ஸில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார் சிஸ்டர்.

"நான் எதுக்கு சிஸ்டர்? எனக்கு மெஷினே தெரியாது."

"இங்க என்னை விட்டா பயந்தவன் நீதான். வா. மிதி, தம்பி."

எப்படிச் சொல்வேன் அந்தக் கணத்தை. பெடல் சில்லென்றிருக்கும், செருப்பைத் தாண்டித் தெரியும். அழுத்தினால் அரைக் கணம் ஒன்றும் நடக்காது. அந்த அரைக் கணத்தில் எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாம் வந்து போவார்கள், அவருடையதும் என்னுடையதும் வித்தியாசமில்லாமல். பிறகு இரும்பு இறங்கும். கயிறு விறைக்கும். சிஸ்டரின் கைகள் பறவை போலப் பின்னால் தெறிக்கும். டடக். அடுத்த மெஷின். மறுபடி கை. மறுபடி, "மிதி, தம்பி." என் மனைவி கேட்பாள், ஏன் காலையில் சோறு இறங்கவில்லை என்று. வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வருவார்கள். நான் காலைக் கழுவுவேன், தேய்த்துத் தேய்த்து.

ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். வடக்கு ஓரத்திலிருந்த பழைய மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

"ஆஸ்பத்திரில ஒரு நா ஒருத்தனைக் கொண்டாந்தாங்க. சின்னப் பய. ஆளு முன்னால வந்தான், கை பின்னால தூக்குவாளில வந்துச்சு. நான்தான் வாளிய வாங்குனேன். இன்னும் சூடா இருந்துச்சு தம்பி. ரெண்டையும் சேக்க முடியல." மெஷினைக் கண்ணால் காட்டினார். "அந்தக் கம்பெனி மூடுனப்ப இத ஏலத்துல விட்டாங்க. சித்தையன்கோட்டைத் தென்னந்தோப்புல எம் பங்கைக் குடுத்துட்டு இத வாங்குனேன்."

"இதையா? தெரிஞ்சேவா?"

"நான் வாங்கலைன்னா வேற எவனாச்சும் வாங்கிருப்பான்ல. அவன் பயப்படுவான்னு என்ன நிச்சயம்?"

அன்றிலிருந்து வடக்கு ஓரத்து மெஷினில் மிதிக்கும்போது எனக்கு இரண்டு பேர் கை தெரியும்.

ஒரு ஐப்பசி மழையில், கூரை ஒழுகி, வார் எல்லாம் ஊறிக் கிடந்தது. ஊறிய தோல் நீளும் என்பது தோல் நாற்றத்திலேயே வாழ்ந்த எங்களுக்கு ஏனோ தோன்றவில்லை. வழக்கம்போல மாட்டினார், வைத்தார், மிதித்தேன். கயிறு இழுத்தது. கை கொஞ்சம் தாமதமாக வந்தது. கொஞ்சம் என்றால், ஒரு நகத்தின் அளவு. நடுவிரல் நகம் கறுத்து, அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு எழும்பி வந்தது. அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு, சரசுவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இன்னைக்கி இந்த மெஷினுக்கு லீவு. ஒன் கை என் கையவிட நீளம் தாயி."

சரசு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்த ஸ்டூலில் அன்றைக்கு உட்கார இருந்தவள் அவள்.

இப்படியிருக்கையில்தான் வெளிநாட்டுப் பணம் வருவதாகப் பேச்சு வந்தது. தொண்ணூறுகளின் கடைசி. சென்னையைச் சுற்றிக் கார் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. கார் சீட்டு செய்கிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, தெற்கே தகடு அடிக்க ஆள் தேடியது. பிடித்திருந்தால் பங்கு போட்டுப் புது மெஷினும் இறக்கித் தரும். டீக்கடையில் அருளப்பனைப் பிடித்துக்கொண்டார்கள். "என்னண்ணே, இனிமே டாலர்லதான் டீக்குக் குடுப்பீகளாக்கும்?" சிஸ்டர் கொட்டகைக்கு வெள்ளையடித்தார். எல்லா வாருக்கும் எண்ணெய் தடவினார்.

ஒரு பகலில் வந்தார்கள். தலை நரைத்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர். அவர் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல, பிறகு எங்களுக்கு மேனேஜராகவே வந்து சேர்ந்த சென்னைக்காரர் ஒருவர். எஞ்சினியர் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் நின்றுவிட்டார். கட்டிய கைகளைப் பார்த்தார். கை வெட்டி இழுக்கப்படுவதைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது.

கயிறு வேலை செய்யுமா என்று சந்தேகப்படுகிறார், சிஸ்டருக்கு அப்படித்தான் பட்டது. எங்கள் எல்லோருக்குமே அப்படித்தான் பட்டது. சிஸ்டர் நேரே வடக்கு ஓரத்து மெஷினுக்குப் போய், வளையத்தை மாட்டி, கையை வைத்து, புன்னகையோடு திரும்பினார். தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த பொருளை எடுத்துக் காட்டும் புன்னகை.

"மிதி, தம்பி."

மிதித்தேன். கை தெறித்தது. டடக். எஞ்சினியர் ஏதோ கத்திக்கொண்டு ஓடிவந்தார். சுவரிலிருந்த சுவிட்சை அடித்து அணைத்தார். சிஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்து, வாரை அவரே கழற்றினார்.

"தினமும் இப்படியான்னு கேக்குறார்" என்றார் சென்னைக்காரர்.

"தினமும்தான். சொல்லுங்க, ஒரு நா தவறுனதில்லன்னு."

"யார் மிதிக்கிறதுன்னு கேக்குறார்."

சிஸ்டர் என்னைக் காட்டினார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். கோபமில்லை அதில். சாவு வீட்டில் மூத்த மகனைப் பார்ப்பார்களே, அப்படி.

வாங்கி வைத்த பிரியாணியைத் தொடாமல் கிளம்பிப் போனார்கள். ஆபரேட்டர்கள்தான் சாப்பிட்டார்கள். அருளப்பன் எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட ஆப்பரேசன் தழும்பக் காட்டிட்டீக சிஸ்டர்." எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் கறுத்த நகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அந்தாளு பயந்துட்டான், பாத்தியா? நல்ல மனுசன். அவன் பணம் போட்டா வாங்கலாம்."

போட்டார்கள். நிபந்தனையோடு. கயிறு போக வேண்டும். மனுஷியை மெஷினோடு கட்டக் கூடாது. அது சரியென்றே எனக்கும் பட்டது, இப்போதும் படுகிறது. புது மெஷின்கள் கிரேனில் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் இரண்டு கறுப்புக் கம்பங்கள், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம். கை குறுக்கே போனால் இரும்பு நின்ற இடத்தில் நின்றுவிடும். காலையில் கை வைத்துப் பார்ப்பதையும் நிறுத்தச் சொன்னார்கள். சிஸ்டர் தலையாட்டினார். என்னை மட்டும் தினமும் மேனேஜர் வருமுன்னேயே வரச் சொன்னார்.

முதல் நாள் மிதித்தேன். இரும்பு அசையவில்லை. சத்தமே இல்லை. அந்த மௌனத்தில் அவர் கை இரும்புக்கு அடியில் கிடந்தது, மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் போல.

"கயிறு இழுத்தா வலிக்கும் தம்பி. வலிச்சா, ஆள் இருக்குன்னு தெரியும். இது தொடவே மாட்டேங்குது. யாரை நம்பி இருக்கோம்னே தெரியல." கயிறு இருந்த காலத்தைவிட இப்போது அவர் அதிகம் பயந்தார்.

பயத்துக்குக் காரணம் கிடைக்கக் கொஞ்ச காலம் ஆனது. இரண்டாயிரம் பிறந்து, ஆர்டர் பெருகி, லாரி வாசலிலேயே கிடக்க ஆரம்பித்த நாட்கள். எண்ணெய்ப் புகை படிந்தால் வெளிச்சம் குழம்பும். கை இல்லாமலே மெஷின் நின்று நின்று போகும். அதற்கென்று மெஷினின் இடுப்பில் ஒரு சாவி ஓட்டை இருந்தது. சாவியைத் திருப்பினால் வெளிச்சம் தூங்கிவிடும், ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரியும். இரும்பு யாரையும் கேட்காமல் இறங்கும். ரிப்பேர் பார்க்க மட்டும் அந்தச் சாவி. சிஸ்டர் அதை ஜெபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டிருந்தார்.

"மேடம், சாவியைக் குடுங்க. ஒரு மணி நேரம்தான். தகடு போகலைன்னா அங்க கார் லைனே நிக்கும்" என்பார் மேனேஜர்.

"நிக்கட்டும். கார்தான நிக்கும்."

"நின்னா நாளைக்கு ஆர்டர் வேற ஊருக்குப் போயிடும். இத்தனை பேர் வீட்டுல அடுப்பு எரியாது. அதுக்குப் பயப்பட மாட்டீங்களா நீங்க?"

சிஸ்டரின் கை கழுத்துச் சாவிக்குப் போனது. அதற்கும் அவர் பயந்தார். அதை நான் பார்த்தேன். ஆனாலும் சாவி கழுத்தை விட்டு இறங்கவில்லை. சாவி நம்மிடம் இருக்கிறது, அதனால் பூட்டு பத்திரம் என்று அவர் நம்பினார். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு! தெருவுக்கு ஒருவர் அரத்தை வைத்துக்கொண்டு, எந்தப் பூட்டுக்கும் மறுசாவி ராவித் தரும் ஊரில்.

அந்தக் காலை. மார்கழிப் பனி கூரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சரசு தலையில் பூவோடு வந்து தூர நின்றாள். முந்தின சாயங்காலம் கூடுதல் வேலை பார்த்தவள் அவள். மெஷின் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மெஷினில் சிஸ்டர் கையை வைத்தார். உதடு அசைந்தது.

"மிதி, தம்பி."

கால் பெடலுக்குப் போனது. அதன் குளிர்ச்சி தட்டியது. ஏன் அப்போது மெஷினின் இடுப்பைப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. மஞ்சள் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

கால் அந்தரத்தில் நின்றது.

"என்ன தம்பி? மிதி."

"கைய எடுங்க சிஸ்டர்."

"ஏன்?"

"எடுங்க. எடுங்கன்னா எடுங்க!" அவரிடம் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

அவர் எடுத்தார், மெதுவாக, எதையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. அருளப்பன் ஒரு பழைய கையுறைக்குள் பஞ்சுக் கழிவைத் திணித்து அவர் கை இருந்த இடத்தில் வைத்தார். மிதித்தேன். அரைக் கணம்கூட ஆகவில்லை. டடக். இரும்பு மேலே போனது. கையுறை காகிதமாகக் கிடந்தது, விரல்கள் தனித்தனியே, மிகச் சுத்தமாக.

சரசு தன் இரண்டு கையையும் இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலம் முழுக்க அவற்றை எங்கே வைத்து எடுத்தாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சிஸ்டர் டேப்பை உரித்தார். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது; கழுத்துச் சாவியைப் போட்டு அதை அணைத்தார். மேனேஜர் வந்ததும் கையுறையை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனார். திரும்பி வந்து அருளப்பனிடம், "எல்லாச் சாவி ஓட்டையையும் வெல்டிங் வெச்சு அடைச்சிருங்க" என்றார். நீலப் பொறி பறந்து ஒவ்வொரு ஓட்டையும் மூடியது. சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

கம்பெனிச் சொத்தைச் சேதம் செய்ததாக வெளிநாட்டுக்காரர்கள் பேசினார்கள். பங்கு அவர்களிடம் கூடுதலாக இருந்தது. மேனேஜரும் மாற்றப்பட்டார், அதைச் சொல்ல வேண்டும். சிஸ்டரைக் கொட்டகைக்குள் வர வேண்டாம், வீட்டிலிருந்தே பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். பங்கை அவர்களுக்கே கொடுத்துவிட்டு, பழனிக்குப் பக்கத்தில் மகள் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தார். இன்னும் சில மெஷின்கள் கப்பலில் வந்துகொண்டிருப்பதாகப் பேச்சு இருந்தது. அவற்றிலும் இடுப்பில் ஓட்டை இருக்கும்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் பெட்டியைத் தூக்கிப் போனேன். நல்ல வெயில். பழனி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தார், கை மடியில். நுங்குக்காரர் ஒருவர் வந்து போனார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் சிஸ்டர்."

"பொய்." மலைக்கோட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாளைக்குக் காலைல கைய யாரு வெக்கிறது?"

"நான் வெக்கிறேன்."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. ஆயுசில் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாத அந்தப் பெண் கையை நீட்டி, என் மணிக்கட்டைப் பிடித்தார், வார் மாட்டுகிற இடத்தில். கூடவே நடந்தேன். அவர் கண்ணில் இருந்தது எனக்குப் பழகிய பயம். இந்தத் தடவை அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப மிதிக்கிறது யாரு, தம்பி?"